நிம்மதியைத் தேடிப் போகிறவர்களுக்கு: முதல் பத்து நாள் விபாசனா முகாம்

நிம்மதியாகத் தூங்கி எத்தனை நாளாச்சு என்று புலம்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். சந்தோஷமாகத் தூங்கி எத்தனை நாளாச்சு என்று ஒருவரும் கேட்பதில்லை. நிம்மதியாக ரெண்டு வாய் சாப்பிட முடியவில்லை என்போம். அங்கேயும் சந்தோஷம் என்ற சொல் வராது. சந்தோஷத்துக்கு ஏதாவது நடந்தாக வேண்டும். சம்பளம் ஏறணும், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கணும், வீட்டுக் கடன் முடியணும். நிம்மதியை மட்டும் தூக்கம், சாப்பாடு என்று அன்றாடம் நடக்கிற காரியங்களோடு சேர்த்தே பேசுகிறோம். இரண்டும் வேறு என்பது நம் பேச்சுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

எனக்கு அது புரிய நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. ஒரு லாரி போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேண்டும் என்று நினைத்தவை ஒவ்வொன்றாகக் கிடைத்தும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த காலம் உண்டு. அப்போதுதான் ஒரு தோழி விபாசனா என்ற தியான முறையைக் கற்றுத்தரும் பத்து நாள் முகாமைப் பற்றிச் சொன்னாள். இதுவரை மூன்று முறை போய் வந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் போகும் முன் என்னிடம் கேட்கிற கேள்விகளை வைத்து இதை எழுதுகிறேன். நான் ஆசிரியை இல்லை, மாணவிதான். அதனால் முறையை இங்கே கற்றுத்தரப் போவதில்லை. எப்படித் தயாராவது, எங்கே தடுமாறுவோம் என்பதைச் சொல்கிறேன்.

எதற்குப் போகிறோம் என்று தெளிவாகுங்கள்

இந்த முறையை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் எஸ்.என். கோயங்கா. 1924-ல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போட்டுத்தான் அடக்க வேண்டியிருந்தது; பல நாட்டு மருத்துவர்களைப் பார்த்தும் தீரவில்லை. 1955-ல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் துறவி அல்லர். குடும்பஸ்தர், சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர், தன் அலுவலகத்து ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தவர். கணக்கு வேலை பார்க்கிற எனக்கு இந்தச் செய்தி தனிப்பட்ட முறையில் மிகவும் பிடிக்கும்.

தலைவலி தீரணும் என்று வந்த கோயங்காவை ஊ பா கின் முதலில் சேர்த்துக்கொள்ளவில்லை. நோய்க்கு மருந்தாக இதைக் கேட்டு வராதே, மனசைச் சுத்தம் செய்வதற்கென்றால் வா என்று சொல்லிவிட்டார். மனசு ஒப்பி, அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் கோயங்கா சேர்ந்தார். தலைவலியும் பிறகு போனது. 1969-ல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். 2013-ல் அவர் மறைந்த பிறகும் முகாம்களில் ஒலிப்பதிவில் அவர் குரலில்தான் போதனை நடக்கிறது; கூடவே அந்தந்த மொழியில் மொழிபெயர்ப்பும் வரும்.

இந்தக் கதையை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. 'அங்கே போனால் சந்தோஷமாகிவிடுவேனா?' என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அந்த எதிர்பார்ப்போடு போனால் பத்து நாளும் அதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். நல்லதோ கெட்டதோ, வருவதைப் பதறாமல் பார்க்கப் பழகுகிறேன் என்று போங்கள்.

முதல் படி: வீட்டிலேயே இரண்டு வாரம்

முகாமின் முதல் மூன்றரை நாள் முழுக்க மூச்சைக் கவனிப்பதுதான். ஆனாபானா என்பார்கள். இதை இப்போதே கொஞ்சம் பழகிக்கொண்டால் அங்கே உடம்பு திண்டாடாது.

ஒரு போர்வையை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள். இடுப்பு உயர்ந்து முட்டி தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். தரையில் முடியாதவர்கள் நாற்காலியில் உட்காரலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. கண்ணை மூடுங்கள். மூச்சை இழுத்து விட வேண்டாம், அடக்க வேண்டாம், எண்ண வேண்டாம், மந்திரம் சேர்க்க வேண்டாம். அது பாட்டுக்கு வருவதையும் போவதையும் மூக்குத் துவார வாசலில் காவல்காரர் மாதிரி பார்த்திருங்கள். உள்ளே போகும்போது லேசான குளிர்ச்சி, வெளியே வரும்போது லேசான வெதுவெதுப்பு. எந்தத் துவாரத்தில் அதிகம் ஓடுகிறது என்று பாருங்கள்; அநேகமாக ஒரு பக்கம்தான் நன்றாகத் திறந்திருக்கும்.

நாலு மூச்சுக்குள் மனசு கேஸ் சிலிண்டர் பதிவு செய்யணும் என்று கிளம்பிவிடும். கிளம்பியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள். அப்படித் திரும்புவதுதான் பயிற்சியே. ஓடிவிட்டதே என்று உங்களையே திட்டிக்கொண்டால் அந்தத் திட்டிலேயே இன்னும் இரண்டு நிமிடம் போய்விடும்.

காலையில் பத்து நிமிடம், இரவு பத்து நிமிடம் போதும். கைப்பேசியைத் தொடுவதற்கு முன் செய்துவிடுங்கள். தொட்ட பிறகு உட்கார்ந்தால் படித்த செய்தியெல்லாம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விண்ணப்பம், விடுப்பு, மருந்து

தம்மா டாட் ஆர்க் என்ற இணையதளத்தில் மையங்களும் முகாம் தேதிகளும் இருக்கின்றன. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது. தென்மாவட்டக்காரர்கள் தம்ம மதுராவைப் பார்க்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கண்டி பக்கம் 'தம்ம கூட' என்ற மையம், மலேசியாவில் இருப்பவர்களுக்குத் தம்ம மலாயா. எந்த மொழியில் போதனை என்பது தேதியோடு போட்டிருக்கும். தமிழ் இருக்கிறதா என்று பார்த்துப் பதியுங்கள். ஓரளவு ஆங்கிலம் தெரிந்தாலும், ஆழமாகப் போகும்போது அம்மா பேசின மொழியில் கேட்பது வேறுதான்.

இடம் கிடைத்தால் மின்னஞ்சல் வரும். முகாமுக்குச் சில நாள் முன்பு 'வருவது உறுதிதானா' என்று மறுபடி கேட்பார்கள். அதற்குப் பதில் போடாவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பத்து நாள் முகாம் என்றாலும் விடுப்பு 12 நாள் வேண்டும். முந்தின நாள் பிற்பகல் போய்ச் சேர வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் விடுவார்கள். கட்டணம் கிடையாது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை முன்பு முகாம் முடித்தவர்கள் கொடுத்த தானத்திலிருந்து நடத்துகிறார்கள். முகாமை முடித்த பிறகுதான் உங்களிடமும் வாங்குவார்கள். விருப்பம் இருந்தால், முடிந்ததைக் கொடுக்கலாம்.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிய கேள்விகள் இருக்கும். இதில் தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருப்பவர்களும், பதற்றத் தாக்குதல்கள் வந்தவர்களும், வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்து அதிலிருந்து மீளாதவர்களும் முதலில் தங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நாள் முழுக்கப் பேச்சில்லாமல் மனசோடு தனியாக இருப்பது லேசான காரியமில்லை, அது எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் ஏற்றதும் இல்லை. எழுதிக்கொடுத்த மாத்திரையை முகாமுக்காக நிறுத்தவே கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் சாப்பாட்டு நேரத்தைச் சொல்லி, மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே முழுச் சாப்பாடு கிடையாது.

பையில் என்ன வைப்பது

தளர்வான பருத்தி உடைகள், ஒரு சால்வை, விரிப்பும் போர்வையும், டார்ச், குடை, தண்ணீர் பாட்டில், கொசுவத்தி அல்லது கொசுக் களிம்பு, வாசனை குறைந்த சோப்பு, ஒரு சின்னப் பூட்டு. கையில்லாத மேலாடை, அரைக்கால் சட்டை, இறுக்கமான உடை வேண்டாம். சலசலக்கும் பாலித்தீன் பைகளையும் தவிர்த்துவிடுங்கள். மௌனத்தில் அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்கும்.

புத்தகம், பேனா, நோட்டு, ஜெபமாலை, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். பத்து நாளைக்கு வேறு ஜெபம், பூஜை, விரதம், யோகப் பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். இதில் சிலருக்கு மனத்தாங்கல் வருவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் மதத்தை மாற்றச் சொல்வதில்லை. ஒரு மருந்தின் குணத்தை அறிய அதை மட்டும் கொஞ்ச நாள் சாப்பிட்டுப் பார்க்கிற மாதிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியை மையத்தின் அலுவலகத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் மையத்தின் தொலைபேசி எண்ணை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். அவசரம் என்றால் தகவல் வந்து சேரும். இந்த ஒரு காரியம் செய்துவிட்டால் 'வீட்டில் என்ன ஆச்சோ' என்ற பாதிக் கவலை குறையும்.

முதல் மூன்று நாள்

போய்ச் சேர்ந்த அன்று மாலையே மௌனம் தொடங்கிவிடும். பேச்சு மட்டுமில்லை, சைகை, கண்ஜாடை, சிரிப்பு எதுவும் சக மாணவர்களோடு கூடாது. சந்தேகம் இருந்தால் ஆசிரியரிடமும், அறை, சாப்பாடு போன்ற தேவை என்றால் முகாமில் உதவிக்கு இருக்கும் தம்ம சேவகர்களிடமும் பேசலாம். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் இருப்பார்கள். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை, பிரம்மச்சரியம், போதை தவிர்ப்பு என்று ஐந்து சீலங்களை எல்லாரும் ஏற்க வேண்டும்.

நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரையிலிருந்து ஆறரை வரை தியானம், அப்புறம் காலை உணவு. பதினோரு மணிக்குச் சாப்பாடு. மாலை ஐந்து மணிக்குப் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும் பொரியும் மாதிரி ஏதாவது. இரவு ஏழு மணிக்கு உரை, ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டி வரும்.

சைவச் சாப்பாடு, நன்றாக இருக்கும். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், பிற்பகல் ஒரு மணித் தியானம் தூக்கத்தில் போய்விடும். முக்கால் வயிறு போதும். இரவு பசிக்குமே என்ற பயம் இரண்டாம் நாளோடு போய்விடும்.

முதல் நாள் மூச்சு. அடுத்தடுத்த நாட்களில் கவனிக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வரும். மூன்றாம் நாள் மேலுதட்டுக்கு மேலே, மூக்குக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன இடம் மட்டும். அங்கே மூச்சு உரசுவதையும், கூடவே எழுகிற உணர்ச்சியையும் பார்க்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் எதுவுமே தெரியவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், மேலுதட்டின் இடது ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. கை தானாக எழுந்தது. பாதியில் நிறுத்தினேன். குறுகுறுப்பு கொஞ்சம் ஏறியது, பரவியது, பிறகு தானாக அடங்கியது. அங்கே எறும்பு எதுவும் இல்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் ஒரு அரிப்பை முழுசாக, முதலிலிருந்து கடைசி வரை பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் கிளம்பிவிடலாமா என்று தோன்றும் என்று பழைய மாணவர்கள் சொல்வார்கள். எனக்கும் இரண்டாம் நாள் தோன்றியது. அப்படி வந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆசிரியரைப் பார்க்கப் பெயர் கொடுங்கள். போய் வாய் திறந்து சொன்னாலே பாதி இறங்கிவிடும்.

நாலாம் நாளும் முட்டி வலியும்

நாலாம் நாள் பிற்பகல் விபாசனா கற்றுத்தருவார்கள். கூர்மையான கவனத்தை உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் இருக்கிற உணர்ச்சியை இருக்கிறபடி பார்ப்பது. அன்றிலிருந்து தினமும் மூன்று முறை, ஒவ்வொரு மணி நேரம், கண் திறக்காமல் கையையும் காலையும் அசைக்காமல் உட்கார வேண்டும். அதிட்டானம் என்று பெயர். தீர்மானம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் நாள் காலை எட்டு மணி அமர்வில் இருபது நிமிடம் போனதும் என் வலது முட்டி வலிக்கத் தொடங்கியது. முப்பதாவது நிமிடத்தில் முட்டி உடைந்துவிடும் என்று நினைத்தேன். முதல் நாள் உரையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள், வலியைத் துரத்தாதே, பார் என்று. வேறு வழி இல்லாமல் பார்த்தேன். வலி என்று நான் ஒரே பெயர் வைத்திருந்தது ஒன்றாக இல்லை. முட்டியின் உள்பக்கம் சூடு. மேலே விண்விண் என்று தெறிப்பு. பின்பக்கம் கயிறு போட்டு இறுக்கின மாதிரி ஒரு இழுப்பு. தெறிப்புக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி கூட இருந்தது. இதற்கெல்லாம் மேலே, முட்டியிலேயே இல்லாத ஒன்று: 'எப்போது முடியும், எப்போது முடியும்' என்ற தவிப்பு. என்னை வதைத்ததில் பெரும்பங்கு அந்தத் தவிப்புதான். அது கொஞ்சம் தளர்ந்தபோது முட்டி அப்படியேதான் வலித்தது, ஆனால் என்னால் உட்கார முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. சாதாரண உட்கார்ந்த வலி வேறு, மூட்டுத் தேய்மானம் வேறு. முன்பே முட்டியில் கோளாறு இருந்தால் முதல் நாளே சொல்லி நாற்காலி கேட்டு வாங்குங்கள். முட்டியைக் கெடுத்துக்கொள்வது தியானத்தின் நோக்கம் இல்லை.

வலியைவிடக் கடினமானது

புதியவர்கள் வலிக்குத் தயாராகப் போகிறார்கள். சுகத்துக்குத் தயாராகப் போவதில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான்.

ஏழாம் நாள் மாலை அமர்வில் என் உடம்பு முழுக்க மெல்லிய சிலிர்ப்பு ஓடியது. தலையிலிருந்து கால் வரை தண்ணீர் வழிகிற மாதிரி, தடையே இல்லாமல். எடையே இல்லை. இதற்குத்தான் வந்தோம், கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு பரவசம்.

எட்டாம் நாள் காலை அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. தோள் கல் மாதிரி கனத்தது. நேற்று ஓடியதைத் தேடித் தேடி உடம்பு முழுக்கத் துழாவினேன். நேரம் ஆக ஆக எரிச்சல், ஏமாற்றம், பக்கத்தில் அசையாமல் இருந்த பெண்மேல் பொறாமை கூட வந்தது. ஐந்தாம் நாள் முட்டி வலித்தபோது இருந்த அதே தவிப்பு. வலி போகணும் என்று அன்று தவித்தேன், சுகம் வரணும் என்று இன்று தவிக்கிறேன். தவிப்பில் வித்தியாசமே இல்லை. வீட்டில் மூன்று மணிக்கு என்னை எழுப்பிக்கொண்டிருந்ததும் இதுதான் என்று அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. சம்பள உயர்வு கிடைத்த அன்று சந்தோஷப்பட்டேன். மறு மாதமே அடுத்ததைத் துழாவத் தொடங்கிவிட்டேன்.

பகலில் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'நேற்று வந்தது போயிற்று, இன்று வந்திருப்பதும் போகும். இப்போது என்ன இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்' என்றார். அவ்வளவுதான். அனிச்சா, அனிச்சா என்று உரைகளில் திரும்பத் திரும்ப வரும். நிலையாமை என்று நமக்குத் தெரிந்த சொல்தான். தெரிந்த சொல் உடம்பில் நடப்பதைப் பார்ப்பதற்கு எட்டு நாள் ஆனது.

ஆகவே உங்களுக்குச் சிலிர்ப்பு ஓடினால் ஓடட்டும், நின்றால் நிற்கட்டும். பத்து நாளும் ஒன்றுமே ஓடாமல் மரத்த முதுகோடு வீடு திரும்பினாலும் முகாம் வீணாகிவிடவில்லை. எவ்வளவு சுகம் கிடைத்தது என்று கணக்குப் பார்க்காதீர்கள். எத்தனை முறை பதறாமல் இருந்தோம் என்று வேண்டுமானால் பாருங்கள்.

பத்தாம் நாளும் வீடு திரும்புவதும்

பத்தாம் நாள் காலை, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று நினைக்கிற மெத்தா தியானம் சொல்லித்தந்த பிறகு மௌனம் முடியும். சட்டென்று எல்லாரும் பேசத் தொடங்குவார்கள், காது வலிக்கும். அந்த ஒரு நாள் வெளியுலகச் சத்தத்துக்குப் பழகுவதற்காகத்தான். அன்றே கிளம்பிவிடலாம் என்று பேருந்துச் சீட்டு போட்டுவிடாதீர்கள்.

கைப்பேசி கையில் வந்தவுடன் வீட்டுக்கு ஒரு அழைப்பு மட்டும் செய்யுங்கள். அலுவலகச் செய்திகளை மறுநாள் திறக்கலாம். வண்டியில் நூற்றுக்கணக்கான செய்திகளை ஒரே மூச்சில் படித்துத் தலை சுற்றி உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்களிடம் முதல் நாளே எல்லாரும் போகணும் என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தொடரச் சொல்வார்கள். வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற எனக்கு மாலை அமர்வு பல நாள் நடப்பதில்லை. காலையை மட்டும் விடாமல் காப்பாற்றுகிறேன். சமையலறையில் குழாய் திறக்கும் முன், ஐந்து மணிக்கு. விழிப்பு இன்னமும் சில நாள் மூன்று மணிக்கு வருகிறது. முன்பு அப்போது கடன் தவணையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பேன். இப்போது வயிற்றில் இருக்கும் இறுக்கத்தைப் பார்த்தபடி படுத்திருப்பேன். சில நாள் மறுபடி தூங்கிவிடுவேன், சில நாள் விடிந்துவிடும்.

நடுவில் ஒரு வாரம், பத்து நாள் விட்டுப்போகும். எல்லாருக்கும் விட்டுப்போகும். அப்போது விட்ட இடத்திலிருந்து பிடிக்கப் பார்க்காமல் முதல் நாள் மாதிரி தொடங்குங்கள். போர்வையை நாலாக மடித்து, முதல் இருபது நிமிடம் மூச்சு மட்டும், மீதி நேரம் உடம்பு. மனசு ரொம்பக் கலங்கியிருந்தால் முழு நேரமும் மூச்சோடு மட்டும் இருந்துவிட்டு எழுந்திருங்கள்.